இரட்டைப் பிள்ளைகளுக்கு வண்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் வாசலை அளந்து பாருங்கள்

இரட்டைப் பிள்ளைகளோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஐந்தாம் நாள், கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று கிளம்பினேன். தோழி ஒருத்தி தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று கொடுத்த குழந்தை வண்டி ஒன்று இருந்தது. இரண்டு பேரும் அருகருகே படுக்கும் அகலமான வண்டி. இருவரையும் படுக்கவைத்து, போர்த்தி, பெல்ட் மாட்டி வாசலுக்குத் தள்ளினால், பின்சக்கரம் நிலையில் முட்டி நின்றுவிட்டது. வண்டியின் அகலம் 76 சென்டிமீட்டர். எங்கள் வாசல் 73. ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வண்டியை மடக்கி வெளியே எடுத்துப்போய் விரிப்பதற்குள் இருவருக்கும் பசி வந்துவிட்டது. தையல் வலியோடு வாசற்படியில் நின்றிருந்தேன். அன்று வெளியே போகவேயில்லை.

நாங்கள் இருப்பது லண்டனில், ஈஸ்ட் ஹாமில். வரிசை வீடு, குறுகலான வாசல், அதைவிடக் குறுகலான நடை. இங்கே இரட்டைப் பிள்ளைகளோ, ஒன்றரை வயது இடைவெளியில் இரண்டு பிள்ளைகளோ இருந்தால் வண்டி இல்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாது. அதனால் முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். நிறம், துணி, பெயர் எல்லாம் கடைசி. உங்கள் வாசல் எவ்வளவு, உங்கள் கை எவ்வளவு தாங்கும் என்பதுதான் முதல்.

படி 1: இன்ச் டேப்பை எடுங்கள்

கதவை அளக்காதீர்கள், கதவு திறந்தபின் கிடைக்கும் இடைவெளியை அளங்கள். இங்கே வீட்டு உள்கதவுப் பலகை பெரும்பாலும் 762 மில்லிமீட்டர், அதாவது 30 அங்குலம். அதைப் பார்த்துவிட்டு 76 செ.மீ. வண்டி நுழைந்துவிடும் என்று நினைத்துவிடுவோம். ஆனால் கதவைத் திறந்து நிறுத்தினால் அந்தப் பலகையின் கனமே மூன்று நான்கு சென்டிமீட்டரைத் தின்றுவிடும். கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் போகும். ஆகவே எதிர் நிலையிலிருந்து திறந்த கதவின் முகம் வரை அளங்கள். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைவான எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அதில் இரண்டு சென்டிமீட்டர் கழித்தால் வருவதுதான் உங்கள் வண்டியின் அதிகபட்ச அகலம்.

அப்புறம் நடையில் திருப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். நீளமான வண்டி வாசலில் நுழைந்துவிட்டு, மாடிப்படி அருகே திரும்ப முடியாமல் நிற்கும். நான் இரண்டாவது வண்டி வாங்குமுன் பழைய அட்டைப்பெட்டிகளை ஒட்டி, வண்டியின் நீள அகலத்துக்கு ஒரு செவ்வகம் வெட்டினேன். அம்மா ஒரு முனையையும் நான் மறுமுனையையும் பிடித்துக்கொண்டு வாசல், நடை, சமையலறை என்று கொண்டுபோய்ப் பார்த்தோம். பத்து நிமிட வேலைதான். அதைச் செய்யாமல் மட்டும் யாரும் பணம் கட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கார் இருந்தால் டிக்கியையும் அளக்க வேண்டும். நீளம், அகலம் மட்டும் போதாது, உயரமும் வேண்டும். மடக்கிய இரட்டை வண்டி பல டிக்கிகளில் படுக்கும், ஆனால் மூடி சாத்தாது. லிஃப்ட் உள்ள அடுக்குமாடி என்றால் லிஃப்ட் கதவு, உள்ளே ஆழம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பிள்ளைகளின் வயதைப் பார்த்து முடிவெடுங்கள்

பிறந்த இரட்டையர் என்றால் இருவருக்கும் தட்டையாகப் படுக்கும் இடம் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இரட்டையர் பெரும்பாலும் நாள் நிறையுமுன்பே, எடை குறைவாகப் பிறக்கிறார்கள். கழுத்து நிற்காத பிள்ளை சாய்ந்து உட்கார்ந்தால் தாடை நெஞ்சில் இறங்கி மூச்சு தடைபடலாம். கேரிகாட் எனப்படும் தொட்டில் பகுதி இருந்தால் நல்லது. இல்லையென்றால் இரண்டு இருக்கைகளுமே பிறந்ததிலிருந்து பயன்படுத்தலாம் என்று கையேட்டில் எழுதியிருக்க வேண்டும். "இரண்டுமே" என்பதைத் தேடிப் படியுங்கள். மேலே ஒன்று கீழே ஒன்று என்று இருக்கும் சில வண்டிகளில் ஓர் இருக்கைதான் முழுதாகப் படுக்கும், மற்றொன்று ஆறு மாதத்துக்குப் பிறகுதான்.

கார் சீட்டையே கழற்றி வண்டியில் மாட்டிக்கொள்ளும் வசதி கடைகளில் பெரிதாகப் பேசப்படும். காரிலிருந்து டாக்டர் வீட்டு வாசல் வரை போக அது வசதிதான். ஆனால் அதிலேயே தூங்க விட்டுவிடாதீர்கள். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்தக் குழந்தையும் கார் சீட்டில் இருக்கக் கூடாது என்பதும், பிறந்த குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் 30 நிமிடம்தான் என்பதும் இங்கே பெற்றோருக்குச் சொல்லப்படும் பாதுகாப்பு அறிவுரை.

மூத்தது ஒன்றரை வயது, கைக்குழந்தை ஒன்று என்றால் ஒன்று படுக்க, ஒன்று உட்கார இடம் போதும். மூத்தவருக்கு மூன்று வயது தாண்டிவிட்டதா? அப்படியானால் இரட்டை வண்டியே வேண்டாம் என்பேன். ஒற்றை வண்டியின் பின்னால் மாட்டும் சக்கரப் பலகை கிடைக்கிறது. பிள்ளை அதில் ஏறி நின்றுகொள்ளும். பெரும்பாலானவை 20 கிலோ வரை தாங்கும். பணமும் மிச்சம், இடமும் மிச்சம்.

படி 3: அருகருகேயா, முன்னும் பின்னுமா?

அருகருகே உட்காரும் வண்டியில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இடம், ஒரே மாதிரி காட்சி. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தூங்குவார்கள். வளைவில் திருப்புவதும் எளிது, ஏனென்றால் வண்டியின் நீளம் குறைவு. குறை ஒன்றுதான், அகலம். 74 முதல் 78 செ.மீ. வரை இருப்பவை நிறைய. புகாபூ டாங்கி போன்ற வண்டிகள் ஒரு குழந்தைக்கு 60 செ.மீ., இரண்டுக்கு விரித்தால் 74 செ.மீ. எங்கள் வாசலுக்கு அதுவும் ஒரு சென்டிமீட்டர் கூடுதல். சில நிறுவனங்கள் 65 செ.மீ. அளவில் ஒடுக்கமாகவும் செய்கின்றன. ஆனால் பிள்ளைகள் வளர்ந்து, குளிர்காலக் கோட்டும் போட்டால் தோளோடு தோள் இடிக்கும். கடையில் உங்கள் கையை விரித்து இருக்கையின் உள் அகலத்தைப் பாருங்கள்.

முன்னும் பின்னுமாக இருக்கும் வண்டி ஒற்றை வண்டியின் அகலம்தான். எந்தக் கடை வாசலிலும் நுழையும். பதிலுக்கு நீளமும், திருப்பும்போது கையில் ஏறும் பாரமும் கூடும். நடைபாதை விளிம்பில் ஏற்ற, கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும் அல்லவா? கணக்குப் போடுங்கள்: ஒரு வயதில் ஆளுக்குச் சுமார் 10 கிலோ, வண்டி 15 கிலோ, மொத்தம் 35. அதில் ஒரு பிள்ளையின் எடை முழுவதும் முன்சக்கரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் இருப்பவருக்கு முன்னிருக்கையின் முதுகுதான் தெரியும், கொஞ்சம் வளர்ந்ததும் முன்னாலிருப்பவர் முடியைப் பிடித்து இழுப்பார்கள். எங்கள் வீட்டில் இதற்காகவே தினம் ஒரு பஞ்சாயத்து.

மூன்றாவது வகை, ஒற்றையாக வாங்கிப் பிறகு இரண்டாவது இருக்கையைச் சேர்ப்பது. இடைவெளி விட்டுப் பிறக்கும் பிள்ளைகளுக்கு இதுதான் சிறந்தது. இரட்டையருக்கு நான் சொல்ல மாட்டேன்.

நாங்கள் கடைசியில் வாங்கியது 62 செ.மீ. அகலமுள்ள, இரண்டு இருக்கையும் தட்டையாகும் முன்பின் வண்டி. வாசல்தான் அதைத் தேர்ந்தெடுத்தது. உங்கள் வாசல் 80 செ.மீ. இருந்தால் யோசிக்காமல் அருகருகே உட்காருவதை வாங்குங்கள்.

படி 4: கடைக்கு அரிசி மூட்டையோடு போங்கள்

இதைச் சொன்னால் பலரும் தயங்குவார்கள், தயங்காதீர்கள். கடையில் வெறும் வண்டியைத் தள்ளிப் பார்த்தால் எல்லாமே பளிங்கில் வழுக்குவதுபோல் போகும். நான் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் உள்ள தமிழ்க் கடையில் 10 கிலோ அரிசி மூட்டை இரண்டு வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு போனேன். வீட்டுக்கு எப்படியும் அரிசி வேண்டும். கடைப் பெண்ணிடம் சொன்னதும் அவரே சந்தோஷமாகத் தூக்கி வைத்தார். ஆளுக்கொரு மூட்டை, பெல்ட் மாட்டி, கீழே சொல்லும் வரிசையில் பார்த்தேன்.

முதலில் ஒரு கையால் தள்ளுங்கள். மறு கையில் குடையோ போனோ அழுகிற பிள்ளையோ இருக்கும். நேராகப் போகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா?

பிறகு முன் இருக்கை மூட்டையை மட்டும் எடுத்துவிட்டு, கைப்பிடியில் ஒரு கனமான பையை மாட்டுங்கள். எத்தனை வண்டிகள் அப்படியே பின்னால் சாய்கின்றன என்று பார்த்தால் பயந்துபோவீர்கள். நடக்கக் கற்ற பிள்ளை இறங்கி ஓடும்போது மற்றது உள்ளே இருக்கும், இது தினம் நடக்கும் விஷயம். சாமான்களைக் கைப்பிடியில் மாட்டாமல் அடிக்கூடையில் போடுங்கள். கூடை பெரியதா, இருக்கை தட்டையாக இருக்கும்போதும் கை நுழைகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக மூட்டைகளை இறக்கிவிட்டு மடக்குங்கள், விரியுங்கள், மறுபடி மடக்குங்கள், தூக்குங்கள். கடைக்காரர் மடக்கிக் காட்டுவது போதாது, உங்கள் கையால் செய்ய வேண்டும். சிசேரியன் ஆனவர்கள் முதல் வாரங்களில் 15 கிலோவைத் தூக்கக் கூடாது, அதையும் நினைவில் வையுங்கள். மடக்கும் கீலில் விரல் நசுங்கும் இடம் இருக்கிறதா என்று கூர்ந்து பாருங்கள். விரிக்கும்போதும் மடக்கும்போதும் பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கக் கூடாது.

படி 5: லேபிளையும் பிரேக்கையும் பாருங்கள்

லேபிளில் ஈஎன் 1888 (EN 1888) என்ற எண் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் குழந்தை வண்டிகளுக்கான பாதுகாப்புத் தரம் அது. அதன் முதல் பகுதி 15 கிலோ வரையிலான குழந்தைகளுக்கு, இரண்டாம் பகுதி 22 கிலோ வரை. உங்கள் பிள்ளைகள் நான்கு வயது வரை உட்கார வேண்டும் என்றால் இரண்டாவது வேண்டும். பெல்ட் ஐந்து முனைப் பட்டையாக இருக்கட்டும்: தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, காலிடுக்கில் ஒன்று. பிரேக் ஒரே மிதியில் இரண்டு பின்சக்கரத்தையும் பிடிக்க வேண்டும். செருப்புக் காலோடும் மிதித்துப் பாருங்கள்.

படி 6: பஸ், ரயில்

லண்டன் பஸ்ஸில் நடுவே உள்ள இடம் சக்கர நாற்காலிக்காரர்களுக்கானது. அவர்கள் வந்தால் நாம் வண்டியை மடக்க வேண்டும், அல்லது இறங்கி அடுத்த பஸ்ஸில் போக வேண்டும். 2017-இல் உச்ச நீதிமன்றமும், ஓட்டுநர் சும்மா ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது, இன்னும் கொஞ்சம் முயல வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இது நியாயம். நமக்கு அடுத்த பஸ் கிடைக்கும், அவர்களுக்கு அந்த ஓர் இடம்தான். இரண்டு கைக்குழந்தையோடு தனியாக மடக்குவது நடக்காத காரியம் என்பதால், பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பப் பழகிக்கொண்டேன்.

ரயிலில் எலிசபெத் பாதையின் 41 நிலையங்களிலும், டிஎல்ஆர் எனப்படும் இலகு ரயிலின் நிலையங்கள் எல்லாவற்றிலும் தெருவிலிருந்து பிளாட்பாரம் வரை படியில்லாமல் போகலாம். பழைய பாதாள ரயிலில் அப்படியில்லை, பெரும்பாலான நிலையங்களில் படிதான். டிக்கெட் வாசலில் அகலமான கேட்டுக்குப் போங்கள். கறுப்பு டாக்ஸியில் சாய்தளம் உண்டு.

குப்பை எடுக்கும் நாள் ஒன்று இருக்கிறதே, அதையும் சொல்ல வேண்டும். நடைபாதையில் சக்கரத் தொட்டிகள் வரிசையாக நிற்கும். அகல வண்டிக்காரர்கள் ரோட்டில் இறங்கிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் நெஞ்சு பதறும்.

படி 7: பழையது வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். புது இரட்டை வண்டிகள் பலவற்றின் விலை ஓராயிரம் பவுண்டைத் தாண்டுகிறது. பெற்றோருக்கு உதவும் என்சிடி என்ற தொண்டு அமைப்பு நடத்தும் பழைய பொருள் விற்பனைகளில் நல்லவை கிடைக்கும். பிரேக், பக்கிள், கீல்கள், சட்டத்தில் விரிசல் ஆகியவற்றை நேரில் பார்த்து வாங்குங்கள். கேரிகாட் மெத்தையைப் புதிதாக வாங்குங்கள். கார் சீட்டை மட்டும் தெரியாதவரிடம் பழையதாக வாங்கவே வேண்டாம், விபத்தில் அடிபட்டதா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

மழை உறையும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். வெயிலுக்கு வண்டியின் மேல் துணி போட்டு மூடாதீர்கள், மெல்லிய துணியானாலும் உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடும். வண்டியோடு வரும் கூரையோ குடையோ போதும்.

படி 8: வந்ததும் வீட்டுக்குள்ளேயே ஒத்திகை

இரட்டையர் முன்னதாகவே வந்துவிடுவார்கள் என்பதால் 32-ஆவது வாரத்துக்குள் வண்டி கையில் இருக்கட்டும். ஆன்லைனில் வாங்கினால் பொருள் வந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இங்கே சட்டப்படி உண்டு. அந்த 14 நாளை வீணாக்காதீர்கள். சக்கரத்தில் மண் படாமல், லேபிளைக் கிழிக்காமல், அரிசி மூட்டைகளை ஏற்றி வாசல் வரை தள்ளிப் பாருங்கள். டிக்கியில் வைத்து மூடிப் பாருங்கள். கணவரோ அம்மாவோ, உங்களோடு யார் வரப்போகிறார்களோ அவர்களும் ஒருமுறை மடக்கி விரிக்கட்டும். என் அம்மா மூன்று நாள் பயிற்சி எடுத்தார். நான்காம் நாள் பிள்ளைகள் இருவரையும் வைத்து, என்னைக் கேட்காமலேயே தனியாகத் தெருமுனை வரை போய்வந்துவிட்டார்.