ஜூன் 5-ல் மரக்கன்று நடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1972 ஜூன் 5 அன்று ஸ்டாக்ஹோமில் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கியது. அந்தத் தேதியையே மறுவருடத்திலிருந்து உலகச் சுற்றுச்சூழல் நாளாகக் கடைப்பிடிக்கிறோம். நம்மூர் மழைக்கும் அந்தத் தேதிக்கும் சம்பந்தம் கிடையாது. இதை யோசிக்காமல் நடுவதுதான் தமிழ்நாட்டில் நடக்கும் பெரிய தவறு.

அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரி, வால்பாறைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கைகொடுக்கும், அங்கே தாராளமாக நடலாம். ராமநாதபுரத்திலும் நாகப்பட்டினத்திலும் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஜூனில் நட்டால் நாலு மாதத்துக்கு யாராவது குடம் தூக்க வேண்டும். அந்த ஆள் யார் என்று முடிவாகவில்லையா? அன்றைக்கு நடாதீர்கள். குழியை மட்டும் எடுத்து வையுங்கள். இரண்டடி நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, மட்கிய தொழுவுரம் கலந்து மூடிவிட்டால் மழைக்காலத்துக்குள் மண் பதமாகிவிடும்.

விதை போடவும் ஜூன் நல்ல சமயம். வேம்பும் நாவலும் பழுக்கத் தொடங்கும் காலம். இந்த இரண்டு கொட்டைகளையும் காயவைத்துச் சேமிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும். சதையைக் கழுவியதும் பையில் ஊன்றிவிடுங்கள்.

நடும்போது நடக்கும் இன்னொரு தவறு, கவரோடு குழிக்குள் இறக்குவது. போட்டோ எடுக்கும் அவசரத்தில் இது நிறைய நடக்கிறது. பிளேடால் பக்கவாட்டில் கீறி, மண்கட்டி உடையாமல் கவரை உரித்து எடுக்க வேண்டும். நர்சரியில் அதிக நாள் இருந்த கன்றில் வேர்கள் அடியில் வட்டமாகச் சுருண்டிருக்கும். அந்தச் சுருளை வெட்டிவிடுங்கள். விட்டால் மரம் வளர்ந்த பிறகும் வேர் விரியாமல் தன்னையே இறுக்கிக்கொள்ளும், பலமான காற்றில் சாய்ந்துவிடும். அப்புறம் ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டி, சுற்றிலும் காய்ந்த இலையால் மூடாக்கு போடுங்கள். ஆடு, மாடு திரியும் தெரு என்றால் கூண்டு இல்லாமல் எந்தக் கன்றும் தப்பாது.

இடத்தையும் பார்க்க வேண்டும். மின்கம்பிக்கு நேர்கீழே நட்டால் வருடா வருடம் கிளையை வெட்டுவார்கள். வெற்றிடமாகத் தெரிவதெல்லாம் மரத்துக்குக் காத்திருக்கும் இடமும் அல்ல. நீலகிரியின் உச்சிப் புல்வெளிகளைத் தரிசு என்று நினைத்து வெள்ளைக்காரர் காலத்திலிருந்து சீகை (வாட்டில்) மரமும் தைல மரமும் நட்டார்கள். மழைநீரைப் பிடித்து ஓடைகளுக்கு மெல்ல விடும் நிலம் அது, வரையாட்டின் மேய்ச்சல் காடு. நட்டது பெருந்தவறு என்று தெரிந்து இன்று சீகையை அகற்ற வனத்துறை பாடுபட வேண்டியிருக்கிறது. ஏரிக்குள் நடுவதும் இதே ரகம்தான்; பனை விதையைக் கரையில் போடலாம், நீர்பிடிப்புப் பகுதியில் எதுவும் வேண்டாம்.

நிகழ்ச்சிக்கு ஃபிளெக்ஸ் பேனரும் பிளாஸ்டிக் தண்ணீர் கப்பும் வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கும் பிளாஸ்டிக் கப், 2018-ல் அந்தத் தடை அறிவிக்கப்பட்ட இதே ஜூன் 5 நாளில் மேடையில் இருப்பது வருத்தமாக இருக்கிறது.

நட இடமே இல்லாத தெருவா? ஏற்கெனவே நிற்கும் மரத்தைப் பாருங்கள். அடிமரத்தை ஒட்டிப் போட்ட சிமென்ட்டைச் சுற்றிலும் மூன்றடி தூரத்துக்காவது பெயர்த்தெடுக்கச் சொல்லி உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுங்கள், அடித்திருக்கும் விளம்பர ஆணிகளைப் பிடுங்குங்கள்.