புதுக் கண்ணாடியில் கடைசிப் படி ஏன் தவறுகிறது? அறுபதுக்கு மேல் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசியில் அம்மா புதுக் கண்ணாடி வாங்கினார். வயது 71. தூரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று என இரண்டு பவர் உள்ள பைஃபோகல் கண்ணாடியை இருபது வருடமாகப் போட்டுப் பழகியவர். நடுவில் கோடு தெரியாது, பார்க்க நன்றாக இருக்கும் என்று கடையில் சொன்னதால் முதல் முறையாக ப்ரோக்ரஸிவ் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மாம்பலம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் இறங்கும்போது, படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தார். இன்னும் ஒரு படி இருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்ததால் முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. "வயசாச்சுடா, கால் தடுமாறுது" என்றார். காலில் ஒன்றுமில்லை. அவர் கண்ணாடியின் அடிப்பகுதி வழியாகப் படியைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த "வயசாச்சு" என்ற சொல்தான் எனக்குப் பயம். கண்ணாடி சரியாகப் பொருந்தவில்லை என்றாலும் வயசு, கண்ணுக்குள் கோளாறு என்றாலும் வயசு, அறையில் வெளிச்சம் போதவில்லை என்றாலும் வயசு. வாயைத் திறந்து கேட்காமல் பொறுத்துக்கொண்டு போகிறார்கள். நான் பார்த்த மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் படி. ப்ரோக்ரஸிவ் லென்ஸில் மேல்பகுதி தூரத்துக்கு, நடுவில் ஒரு குறுகலான பாதை கைக்கெட்டும் தூரத்துக்கு, அடிப்பகுதி புத்தகம் பிடிக்கும் தூரத்துக்கு, அதாவது சுமார் 40 சென்டிமீட்டருக்கு. காலடியில் இருக்கும் படியோ கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது. கண்ணை மட்டும் தாழ்த்தினால் படிக்கிற பவர் வழியாகப் பார்வை போகும். படி மங்கலாகவும், இருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் விலகியும் தெரியும். முகவாயை நெஞ்சை நோக்கி இறக்கி, லென்ஸின் மேல்பகுதி வழியாகப் படியைப் பார்க்க வேண்டும். பைஃபோகலிலும் இதே கதைதான், ஆனால் அந்தச் சின்னக் கட்டத்தைத் தாண்டிப் பார்க்க அம்மாவின் கழுத்து என்றோ பழகிவிட்டது. புது லென்ஸுக்கு அதே கழுத்து மறுபடி பழக வேண்டும். மாநகரப் பேருந்தின் படி, மின்சார ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையிலான இடைவெளி, பாத்ரூம் வாசலில் இருக்கும் அரையடித் திண்டு, மெட்ரோவின் எஸ்கலேட்டர் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு பழக்கம் உதவும்.

அதிகம் வெளியே நடமாடுபவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடி என்று இருக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப் பல பவர் லென்ஸ் அணியும் முதியவர்களுக்கு வெளியே நடப்பதற்காகத் தூரப்பார்வைக் கண்ணாடி தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அடிக்கடி வெளியே போய்வருகிறவர்கள் விழுவது குறைந்தது. பெரும்பாலும் வீட்டோடு இருப்பவர்களோ, கண்ணாடி மாற்றி வெளியே போனபோது கூடுதலாக விழுந்தார்கள். அதனால் எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். தினமும் காலையில் நடக்கப் போகிறவர், கோவில், கடை, பஸ் என்று சுற்றுகிறவர் கட்டாயம் யோசிக்கலாம்.

அடுத்த தவறு, ஐந்தாறு வருடம் பவர் பார்க்காமல் விட்டுவிட்டு ஒரே தாவலில் மாற்றுவது. 70 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து 2007இல் வந்த இன்னோர் ஆஸ்திரேலிய ஆய்வில், கண் பரிசோதனை செய்து தேவையானவர்களுக்குப் புதுக் கண்ணாடி வழங்கிய குழுவில்தான் விழுந்தவர்கள் அதிகம். பவர் பெரிதாக மாறியது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மாற்றம் பெரிதாக இருந்தால், "இதை இரண்டு கட்டமாக மாற்ற முடியுமா?" என்று பரிசோதிப்பவரிடமே கேளுங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள்.

வாங்கிய பிறகு முதல் இரண்டு வாரம். தரை சரிவாகத் தெரியலாம், ஓரங்கள் நெளியலாம், லேசாகத் தலை சுற்றலாம். சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசையில் மட்டும் வரும் மங்கலைச் சரிசெய்யும் பவர், புதிதாகச் சேர்ந்தாலோ அதன் கோணம் மாறினாலோ இது இன்னும் அதிகம். காலையில் எழுந்ததும் போட்டு, முதல் நாள் வீட்டிலேயே உட்கார்ந்த வேலைகளில் பழகுவது நல்லது. தலைசுற்றல் இருக்கும்போது வண்டி ஓட்ட வேண்டாம். ஆனால் பத்து நிமிடம் புதுசு, ஒரு மணி நேரம் பழசு என்று மாறி மாறிப் போட்டால் மூளைக்கு எந்தப் பக்கம் பழகுவதென்றே தெரியாது. பேப்பர் படிக்கும்போது கண்ணைப் பக்கவாட்டில் ஓட்டாமல் தலையைத் திருப்புங்கள், ப்ரோக்ரஸிவ் லென்ஸின் இரு ஓரங்களிலும் தெளிவு இருக்காது.

இரண்டு வாரம் ஆகியும் சரிவரவில்லையா? அப்போது பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். பல ஆயிரம் கொடுத்த பொருள். பழைய கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், இரண்டின் பவரையும் மெஷினில் வைத்து ஒப்பிடுவார்கள். கருவிழிகளுக்கு இடையிலான தூரமும், லென்ஸ் பொருத்திய உயரமும் சரியா என்று கேளுங்கள். பவர் துல்லியமாக இருந்தும் இந்த இரண்டில் சில மில்லிமீட்டர் பிசகினால் ப்ரோக்ரஸிவ் வேலை செய்யாது. நம் ஊரில் இன்னொரு எதிரி வியர்வை. அக்னி நட்சத்திரத்தில் ஃப்ரேம் மூக்கில் வழுக்கிக்கொண்டே வரும், வழுக்கினால் எல்லாப் பகுதியும் இடம் மாறிவிடும். மூக்குத் தாங்கியை மாற்றி, காதுக் கொக்கியை வளைத்துத் தரச் சொன்னால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, பவர் ஏன் மாறியது என்று கேட்காமல் கண்ணாடியை மட்டும் மாற்றுவது. நாற்பதை ஒட்டி வெள்ளெழுத்து தொடங்கும், எங்கள் பாட்டி சாளேஸ்வரம் என்பார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நெகிழ்வை இழப்பதுதான் காரணம். 65 வாக்கில் இழக்க வேண்டியதைக் கிட்டத்தட்ட இழந்திருக்கும். அதற்குப் பிறகும் வருடத்துக்கு ஒருமுறை பவர் ஓடிக்கொண்டே இருந்தால் வெள்ளெழுத்தின் மேல் பழி போட முடியாது. எங்கள் பக்கத்து வீட்டு மாமா, "இப்பல்லாம் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்" என்று எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது கண்புரையின் ஒரு வகை. லென்ஸின் நடுப்பகுதி கெட்டியாகும்போது கிட்டப்பார்வை கொஞ்ச காலம் தெளியும், தூரம் மங்கும். பஸ் நம்பர் தெரியவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சர்க்கரையும் அப்படித்தான். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸில் நீரின் அளவு மாறி, அதன் வடிவமும் பவரும் மாறும். சர்க்கரை கட்டுக்கடங்காத வாரத்தில் எடுத்த பவருக்குக் கண்ணாடி செய்தால், சர்க்கரை இறங்கியதும் அது பயன்படாது. மருந்து தொடங்கியவர்கள் அளவு நிலைத்து நாலைந்து வாரம் ஆனபின் பவர் பாருங்கள். அப்புறம், கடையில் கம்ப்யூட்டரில் பவர் பார்ப்பது கண் பரிசோதனை ஆகாது. கண் அழுத்தம் வலியில்லாமல் பார்வையைத் தின்னும், சர்க்கரை விழித்திரையைச் சத்தமில்லாமல் கெடுக்கும். சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தால்தான் விழித்திரை தெரியும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வருடத்துக்கு ஒருமுறை அவசியம். 1819இல் தொடங்கி இன்று எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனை முதல் தனியார் மருத்துவமனைகள் வரை, இதற்கு இடமில்லாத ஊரில் நாம் இல்லை. சொட்டு விட்டால் சில மணி நேரம் மங்கும், கூட ஒருவர் போங்கள்.

வீட்டிலும் ஒன்று செய்யலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மூடி ஜன்னல் கம்பியைப் பாருங்கள், பிறகு மறு கண். ஒரு கண்ணில் மட்டும், பார்வையின் நடுவில் நேர்கம்பி வளைந்து தெரிந்தால் அது கண்ணாடிக் கடைக்கான வேலை இல்லை, விழித்திரை மருத்துவரிடம் உடனே போக வேண்டும். மின்னல் வெட்டுவது போல ஒளி, திடீரென்று நிறையக் கரும்புள்ளிகள், திரை இறங்குவது போல மறைப்பு, கண் சிவந்து கடும் வலி, சட்டென்று பார்வை போவது, இவற்றில் எதுவானாலும் அன்றைக்கே.

வெளிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச்சேரும் ஒளி, 20 வயதில் போனதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். ஹாலில் ஒரே ஒரு ட்யூப்லைட்டை வைத்துக்கொண்டு கண்ணாடியைக் குறை சொல்ல வேண்டாம். தோளுக்குப் பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கு போதும். லென்ஸை வேட்டி நுனியிலும் புடவைத் தலைப்பிலும் துடைக்காதீர்கள், முதலில் தண்ணீரில் கழுவுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைத்தால் மேல்பூச்சு வெடித்துவிடும்.

அம்மாவை மறுபடி பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது நானும் உள்ளே உட்கார்ந்தேன். "இது தெளிவா, அதுவா?" என்று கேட்கும்போது, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பள்ளிக்கூடப் பரீட்சை போலப் பதறுகிறார். முதல் தடவை தெரியாத எழுத்துகளை ஊகித்தே சொல்லியிருக்கிறார். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லும்மா, அதுவும் பதில்தான்" என்றேன். சிலிண்டர் பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற பதில்தான் பரிசோதிப்பவர் தேடுவதே, பவர் அங்கேதான் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து, தயங்கித் தயங்கி, "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார் அம்மா. பரிசோதிப்பவர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.