புதிதாகத் தோண்டிய ஃபயர் ஓப்பலை விரிசலின்றிக் காப்பது எப்படி?

சஹ்யாத்ரியின் பசால்ட் எரிமலைப் பாறைகளில் கால்சிடனி, ஜியோலைட் ஆகிய கனிமங்களைத் தேடிப் பழகிய மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் அன்பர்களுக்கு, மெக்சிகோவின் கெரெத்தாரோ பகுதியில் ரையோலைட் என்ற எரிமலைப் பாறையின் குழிகளில் கிடைக்கும் ஃபயர் ஓப்பல் என்ற செம்மஞ்சள் நிற ரத்தினக்கல்லைத் தோண்டும் வாய்ப்பு அமைந்தால், இந்தக் கல்லைச் சற்றே வேறுவிதமாகக் கையாள வேண்டும். ஓப்பல் நீர் கலந்த சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்). அதன் எடையில் பொதுவாக 3 முதல் 10 சதவீதம் வரை நீர் இருப்பதால், எடுத்த கையோடு வெயிலில் காயவைத்தால் மேற்பரப்பெங்கும் சிலந்தி வலை போல மயிரிழை விரிசல்கள் ஓடிவிடும். எனவே கல்லோடு ஒட்டியிருக்கும் தாய்ப்பாறையை (அது உருவான பாறையை) உடனே தட்டி அகற்றாமல், ஈரத்துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைத்து, வாரக்கணக்கில் மெல்ல உலரவிடுங்கள். விரிசல் விடும் இயல்புள்ள கல் பெரும்பாலும் அதற்குள்ளேயே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், பட்டை தீட்டும் செலவாவது மிச்சமாகும்.

மும்பையின் மழைக்கால ஈரப்பதம் ஓப்பலுக்குப் பகையன்று. ஏசி அறையின் வறட்சியும், கேமராப் பையில் போடும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமுமே பகை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவுகோலில் ஓப்பலின் கடினம் 5.5 முதல் 6.5 வரை மட்டுமே என்பதால், அதைவிடக் கடினமான கால்சிடனியோடு ஒரே பையில் போட்டால் கீறல் விழும். தனித்தனியே பஞ்சில் பொதிந்து வையுங்கள்.