போனில் எழுத்தைப் பெரிதாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மா அப்பாவின் போனில் எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கித் தரப் புதிதாக உட்காருபவர்கள், சொல்லிவைத்தாற்போல ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஒரு காலத்தில் நான் சறுக்கிய இடங்களும் அவைதாம். ஸ்லைடரை எந்தப் பக்கம் இழுப்பது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அது யாருக்கும் தெரியும்.

இரண்டு ஸ்லைடரையும் கடைசிவரை இழுப்பது

ஆண்ட்ராய்டில் ஃபான்ட் சைஸ் எழுத்தை மட்டும் மாற்றும். டிஸ்ப்ளே சைஸ் எழுத்து, ஐகான், பட்டன் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றும். இரண்டையும் முழுசாக ஏற்றினால், பணம் அனுப்பும் செயலியில் தொகையைப் போட்டு முடித்ததும் 'அனுப்பு' பட்டனைக் காணோம். திரைக்குக் கீழே போயிருக்கும். சில செயலிகளில் உருட்டிப் பார்க்கவும் வழி இருக்காது. முதலில் எழுத்தை மட்டும் ஏற்றுங்கள். 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14 முதல் அது 200 சதவீதம் வரை போகும், ஏற்கெனவே பெரிதாக உள்ள தலைப்புகள் அந்த அளவுக்கு வீங்காது. அப்படியும் போதவில்லை என்றால் டிஸ்ப்ளே சைஸை ஒரே ஒரு படி.

ஐபோனில் இதற்கு நேர்மாறு. டெக்ஸ்ட் சைஸ் ஸ்லைடர் முடியும் இடத்தையே எல்லை என்று விட்டுவிடுகிறார்கள். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி என்ற பகுதிக்குள், லார்ஜர் டெக்ஸ்டில் இருக்கும் சுவிட்சைப் போட்டால் அதற்கு மேலும் இடம் இருக்கிறது.

ஜூம் ஆனதை, 'சைஸ் ஏறிவிட்டது' என்று நினைப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அத்தையின் போனில் ஒரு நாள் திடீரென்று இரண்டே ஐகான்கள், உள்ளங்கை அகலத்துக்கு. அவர் மகன் ஃபான்ட் சைஸைக் குறைக்கலாம் என்று செட்டிங்ஸுக்குப் போனான். அந்தப் பக்கமும் அப்படியே பூதாகரமாக நின்றது. பழுது பார்க்கும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் யோசிக்காமல் ரீசெட் போட்டுவிட்டார். பேக்கப் கிடையாது. பேரன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையும் போச்சு. திரையில் மூன்று முறை தட்டியிருந்தால் சரியாகியிருக்கும்!

நடந்தது இதுதான். ஆண்ட்ராய்டில் மேக்னிஃபிகேஷன் என்று ஒரு வசதி உண்டு. அதற்கு மூன்று தட்டு ஷார்ட்கட் போட்டு வைத்திருந்தால், அவசரமாகத் தட்டும்போது தானாகவே திறந்துகொள்ளும். மறுபடி மூன்று தட்டினால் மூடிக்கொள்ளும். ஐபோனில் இதன் பெயர் ஜூம்; மூன்று விரலால் இரண்டு முறை தட்ட வேண்டும். அங்கே தொல்லை இன்னும் அதிகம். பாஸ்கோடு எண்கள் பாதிதான் தெரியும், தப்புத்தப்பாக அழுத்தி போனே பூட்டிக்கொள்ளும்.

அடையாளம் காண்பது சுலபம். மேலே மணி, பேட்டரி காட்டும் வரியைப் பாருங்கள். எல்லாம் பெரிதாக இருந்தாலும் அந்த வரி முழுசாகத் திரைக்குள் நின்றால், அது சைஸ் செட்டிங். வரி பாதியில் வெட்டுப்பட்டோ காணாமலோ போயிருந்து, ஆண்ட்ராய்டில் இரண்டு விரலாலும் ஐபோனில் மூன்று விரலாலும் இழுக்கும்போது திரை மொத்தமும் நகர்ந்தால், அது ஜூம். சரி செய்ததும் அக்சஸிபிலிட்டிக்குள் போய் அந்த வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரமே திரும்பி வரும். அப்புறம், ரீசெட் என்ற பேச்சை யாராவது எடுத்தால் போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

'பெரிய எழுத்து' செயலிகள்

போடாதீர்கள். அதிலும் அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்டால், அது உங்கள் திரையில் ஓடுவதையெல்லாம் படிக்க முடியும்.

வாட்ஸ்அப்பை மறப்பது

ஆண்ட்ராய்டில் அதற்குள்ளேயே, சாட்ஸ் பகுதியில், தனி ஃபான்ட் சைஸ் இருக்கிறது.

டெவலப்பர் ஆப்ஷனில் கை வைப்பது

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் மறைந்திருக்கும் பகுதி இது. அதில் திரையின் அகலத்தைக் குறிக்கும் 'ஸ்மாலஸ்ட் விட்த்' எண்ணைக் குறைத்தால்தான் எல்லாம் பெரிதாகும். பெரிதாக்க வேண்டும் என்று எண்ணை ஏற்றுபவர்களுக்குத் திரை எறும்பு சைஸுக்குப் போய்விடும், திருத்தப் போனால் அந்த எண்ணையே படிக்க முடியாது. தொட்டே ஆக வேண்டும் என்றால் பழைய எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐபோனில் பெரிய ஐகான்

ஐஓஎஸ் 18 முதல் உண்டு. ஆனால் ஐகானுக்குக் கீழே பெயர் இருக்காது. பெயரைப் படித்துச் செயலி தேடுகிறவர்களுக்கு வைத்துவிடாதீர்கள்.