அறுவை சிகிச்சைக்குப் பின் சி.ஆர்.பி. அளவைப் படிக்கும் முறை

குடல் அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் காலை, ஒரு நோயாளியின் சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன், உடலில் அழற்சி ஏற்படும்போது இரத்தத்தில் உயரும் புரதம்) அளவு லிட்டருக்கு 160 மில்லிகிராம் என்று அறிக்கை வருகிறது. நலமாக இருப்பவரிடம் இது பொதுவாகப் பத்தைத் தாண்டாது. ஆனாலும் இந்த ஓர் எண்ணைக் கொண்டு தொற்று உண்டென்றோ இல்லையென்றோ சொல்லிவிட முடியாது. என்ன அறுவை, இன்று எத்தனையாவது நாள், நேற்று அளவு என்ன, நோயாளி படுக்கையில் எப்படி இருக்கிறார் ஆகிய நான்கும் தெரிந்த பிறகுதான் அதற்குப் பொருள் கிடைக்கிறது. வார்டில் பணிபுரியும் இளம் மருத்துவர்களும் செவிலியர்களும் அந்தப் பொருளைக் கண்டுகொள்வதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நினைவில் இருக்க வேண்டியது, தொற்றே இல்லாவிட்டாலும் அறுவைக்குப் பின் சி.ஆர்.பி. ஏறும் என்பதே. வெட்டப்பட்ட திசுவிலிருந்து வெளிப்படும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் கல்லீரலைத் தூண்ட, கல்லீரல் சி.ஆர்.பி.யை உருவாக்குகிறது. சுமார் ஆறு மணி நேரத்தில் ஏறத் தொடங்கும் அளவு இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்க வேண்டும். இரத்தத்தில் இதன் அரை ஆயுள், அதாவது இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 19 மணி நேரம். அது நோய்க்கு நோய் மாறுவதில்லை. ஆகவே மூன்றாம் நாளுக்குப் பிறகும் அளவு இறங்காமல் நின்றால், கல்லீரலை ஏதோ ஒன்று இன்னும் தூண்டிக்கொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். உச்சத்தின் உயரம் அறுவையின் அளவைப் பொறுத்தது. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் அது அதிகமாகவும், சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபியில் குறைவாகவும் இருக்கும்.

இயன்றவரை அறுவைக்கு முன்பே ஓர் அடிப்படை அளவை எடுத்து வையுங்கள். மூட்டுவாதமோ புற்றுநோயோ உடல்பருமனோ உள்ளவரிடம் தொடக்க அளவே உயர்ந்திருக்கக்கூடும். அறுவை நடந்த நாளைப் பூச்சியமாகக் கொண்டு மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாள்களில் ஒரே ஆய்வகத்தில் மீண்டும் பாருங்கள். முதல் இரண்டு நாள்களின் அளவு பெரும்பாலும் கத்தி பட்டதன் எதிரொலி மட்டுமே. அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அலகையும் தவறாமல் சரிபாருங்கள். சில ஆய்வகங்கள் லிட்டருக்கும், சில டெசிலிட்டருக்கும் கணக்கிட்டுத் தருகின்றன. 16 என்று ஒரு தாளிலும் 160 என்று இன்னொரு தாளிலும் இருப்பது ஒரே அளவாக இருக்கலாம் என்பதைக் கவனியாமல் நோயாளி தேறிவிட்டார் என்று எண்ணுவது உயிருக்கே ஆபத்தான பிழை.

பெருங்குடல், மலக்குடல் அறுவைகளில் இணைப்புக் கசிவை (வெட்டி இணைத்த குடல் முனைகள் சேரும் இடத்தில் ஏற்படும் கசிவை) கண்டறிவதற்கான வரம்பளவுகளை 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு வகுத்துத் தந்தது: லிட்டருக்கு, மூன்றாம் நாளில் 172, நான்காம் நாளில் 124, ஐந்தாம் நாளில் 144 மில்லிகிராம். இவற்றுக்குக் கீழே இருந்தால் கசிவு இல்லாதிருக்கும் வாய்ப்பு சுமார் 97 விழுக்காடு. அளவு மேலே இருப்பதால் மட்டும் கசிவு உறுதியாகிவிடாது. இதை ஒரு கணக்கால் விளக்கலாம். 200 நோயாளிகளில் 20 பேருக்குக் கசிவு இருப்பதாகவும், சோதனை கசிவுள்ளவர்களில் 80 விழுக்காட்டினரைப் பிடித்து, கசிவில்லாதவர்களில் 75 விழுக்காட்டினரைச் சரியாக விலக்குவதாகவும் கொள்வோம். அப்போது அளவு உயர்ந்தவர்கள் 61 பேர். அவர்களில் உண்மையில் கசிவுள்ளவர்கள் 16 பேர்தான். அளவு தாழ்ந்திருக்கும் 139 பேரில் கசிவுள்ளவர்கள் 4 பேர் மட்டுமே. ஆபத்தை விலக்குவதில்தான் இந்தச் சோதனைக்கு வலிமை. நோயை உறுதிசெய்ய அதை நம்பக் கூடாது. அந்த நான்கு பேரும் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

என் கருத்தில், தனி எண்ணைவிடப் போக்கே மேலானது. நாள்தோறும் கிடைக்கும் அளவுகளை ஒரு வரைபடமாகக் குறித்து வைப்பவருக்கு ஏற்றம் கண்ணில் படாமல் போகாது. 190, 150, 95 என இறங்குபவரைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 110, 105, 165 என மீண்டும் ஏறுபவரிடம் உடனே செல்லுங்கள். இரண்டு நாள் அளவுகளுக்கு இடையே 50 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றம் தெரிந்தால் அதைக் கசிவின் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

புரோகால்சிட்டோனின் என்ற மற்றோர் இரத்தக் குறியீடு சி.ஆர்.பி.யைவிட வேகமாக ஏறி, பெரும்பாலும் முதல் நாளிலேயே உச்சத்தை எட்டும். பாக்டீரியாத் தொற்றைச் சற்றுக் கூடுதலாகக் குறிப்பிட்டுக் காட்டும் என்பதால், சி.ஆர்.பி. ஐயத்துக்கிடமாக இருக்கும்போது இது கைகொடுக்கும். ஆனால் சிறுநீரகச் செயலிழப்பில் தொற்றில்லாமலும் உயர்ந்திருக்கும். வெள்ளணு எண்ணிக்கை அறுவையின் அழுத்தத்தாலும் ஸ்டீராய்டாலும் கூடும். இ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் படியும் வேகம்) மாதக்கணக்கில் உயர்ந்தே இருக்கக்கூடியது. முதல் வாரத்தில் அதனால் பயனில்லை.

அளவு பொய்யாகத் தாழ்ந்திருக்கும் இடங்களே எனக்கு அதிகக் கவலை தருபவை. கல்லீரல் செயலிழந்தவரால் போதிய சி.ஆர்.பி.யை உருவாக்க முடியாது. ஸ்டீராய்டு அதை அடக்கும். வாந்தியைத் தடுக்க மயக்க மருந்துடன் தரப்படும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் உச்சத்தைக் குறைக்கலாம். இன்டர்லூக்கின்-6 செயல்பாட்டைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்தைப் பெற்றவரிடம் கடும் தொற்றிலும் அளவு இயல்பாகத் தோன்றலாம். இத்தகையவர்களிடம் தாழ்ந்த எண் எந்த உறுதியும் தராது.

அளவு ஏறினால் முதலில் நோயாளியின் அருகே செல்லுங்கள். நாடித்துடிப்பு, மூச்சு வேகம், சிறுநீர் அளவு, வயிற்றின் இறுக்கம், காயத்தின் நிறம், நுரையீரல் ஒலி, ஊசி செருகிய இரத்தக் குழாயின் வீக்கம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நிமோனியா, சிறுநீர்த் தொற்று, ஏன், அறுவைக்குப் பின் திடீரென வரும் கௌட் மூட்டுவலிகூட இந்த எண்ணை ஏற்றும். காரணம் புலப்படாமல் வயிற்றில் ஐயம் இருந்தால் சி.டி. ஸ்கேன் தேவை. தொடக்க நிலைக் கசிவு ஸ்கேனில் தெரியாமலும் போகலாம் என்பதால், ஸ்கேன் சுத்தமாக இருந்தும் அளவு ஏறிக்கொண்டே போனால் மூத்த அறுவை மருத்துவரை மீண்டும் அழைக்கத் தயங்கக் கூடாது. இரத்த அழுத்தம் சரிந்து, மூச்சு வாங்கி, மனம் குழம்பிய நோயாளிக்கு எந்த அறிக்கைக்காகவும் காத்திருக்க வேண்டாம். இரத்தக் கல்ச்சருக்கு (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) மாதிரி எடுத்து உடனே ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அளவு நன்றாக இறங்கியிருந்தாலும், அது அன்றைய நிலையை மட்டுமே சொல்கிறது. காயத் தொற்று பல நேரங்களில் ஐந்தாம் நாளுக்குப் பிறகே வெளிப்படும். அறுவை இடத் தொற்றைக் கண்காணிக்கும் காலம் 30 நாள், செயற்கைப் பொருள் பொருத்திய சில அறுவைகளுக்கு 90 நாள். ஆதலால் காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ், கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே திரும்பி வர வேண்டும் என்பதையும், யாரை அழைக்க வேண்டும் என்பதையும் நோயாளியிடமும் உடனிருப்பவரிடமும் நேரில் சொல்லி, தாளிலும் எழுதிக் கொடுங்கள்.