விருந்து வீட்டுக் கடிதப் பெட்டி: பிரிப்பது, படிப்பது, காப்பது

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில், பாட்டுக்காரரையும் நாடகக்காரரையும் வரவழைத்து, சோறு போட்டு, கைச்செலவும் கொடுத்தனுப்பிய ஆயாமாரின் (பாட்டிமாரின்) கடிதப் பெட்டி இன்னும் பரணில் கிடக்கும். அதில் ஆயா எழுதிய கடிதம் அநேகமாக இராது, அவருக்கு வந்தவைதான் இருக்கும். அவர் எழுதியதெல்லாம் வாங்கியவர் வீட்டில். பெரிய இடத்துக் கதையும் இதுதான். இங்கிலாந்தில் எழுத்தாளர், ஓவியர் பலரை வீட்டில் வைத்து ஆதரித்த லேடி ஆட்டலின் மொரலுக்கு (1873–1938) தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எழுதிய கடிதங்கள் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ரஸ்ஸலின் சொந்தக் காகிதங்களோ கனடாவில், மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில்.

ஆகவே ஆயா என்ன பதில் எழுதினார் என்பதை உறையின் பின்புறக் கிறுக்கல், கடைச் சீட்டு, விருந்தாளி பட்டியல் இவற்றைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும். குப்பை என்று முதலில் கழிபவையும் இவைதான். ஒன்றையும் கழிக்காதீர்கள்.

டர்பன் கோடைப் புழுக்கத்தில் இந்த வேலை வேண்டாம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்லது. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் போதும். துணிக் கையுறை போட்டால் விரலுக்குப் பிடி கிடைக்காமல் ஓரம் கிழியும். பெட்டியைத் திறந்ததும், எதையும் தொடுமுன் ஒரு படம் எடுங்கள். கட்டுக்கட்டாக இருக்கிற வரிசையிலேயே எடுத்து, 2பி பென்சிலால் பின்புற மூலையில் எண் போடுங்கள் (கட்டு 3, கடிதம் 12). உறைக்கும் அதே எண். தேதிப்படி அடுக்கிவிட்டால், எதை எதோடு சேர்த்து ஆயா கட்டி வைத்தார் என்பது போய்விடும். தேதி வரிசையைத் தனி நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள், காகிதத்தோடு வரும். இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மெதுவாகக் கழற்றுங்கள். செலோடேப்பும் லேமினேஷனும் கூடவே கூடாது. பூச்சி இருந்தால், பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து ஒரு முழு நாள் கழித்துத்தான் பையைப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் நீர் கோத்துக்கொள்ளும். சாம்பல் நிறப் பென்சில் எழுத்தைத் துடைக்க ஈரத் துணி எடுக்காதீர்கள். அது காப்பியிங் பென்சிலாக இருந்தால் ஊதாவாகக் கரைந்து பக்கமெல்லாம் பரவும்.

இனிப் படிப்பது. மேலே பிள்ளையார் சுழி, அப்புறம் ‘உபயக்ஷேமம்’ (இரு பக்கமும் நலம்), குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் விசாரிப்பு. அலுத்துப்போய்த் தாண்டத் தோன்றும். ‘நிற்க’ என்ற சொல்லைத் தேடுங்கள், காரியம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்: கப்பல் சீட்டு, புது மிருதங்கம், மகள் கல்யாணம். கையெழுத்தில் ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும், புள்ளி பாதி இடத்தில் இருக்காது. ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் தும்பிக்கைபோல் சுழித்த பழைய வடிவில் வரும். தமிழ்நாட்டு அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் பழகிய கை அப்படியே எழுதிக்கொண்டிருக்கும் என்பதால், அதை வைத்துக் காலம் சொல்லக் கூடாது.

காலம் சொல்வதில்தான் அதிகம் பிசகும். ‘விய௵ தை௴ 5௳’ (௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி) என்றிருந்தால், விய வருஷம் 1946 சித்திரையில் பிறந்தது என்று பார்த்து 1946 என்று எழுதிவிடுவார்கள். தை அடுத்த ஆங்கில வருஷத்தில் வருவது. ஆகவே 1947 ஜனவரி மூன்றாம் வாரம். பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும், அதனால் தபால்தலையையும் சேர்த்துப் பாருங்கள். இந்தியத் தலையில் அணா என்றிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன் அச்சானது, நயா பைசா என்றால் அதற்குப் பின். நம் ஊர்த் தலையில் பென்ஸ் போய் சென்ட் வந்தது 1961 பிப்ரவரியில். விலாசத்தில் இந்திய பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முன் போகாது. ‘சௌபாக்கியவதி’ என்று விளித்து வந்தவர் திடீரென்று அதை விட்டிருந்தால், தாத்தா காலமான தேதியோடு ஒப்பிடுங்கள்.

ஸ்கேன் அங்குலத்துக்கு 400 புள்ளி, டிஃப் (TIFF) கோப்பாக. உறையின் இரு பக்கமும், வெற்றுப் பக்கமும் சேர்த்து. கோப்புப் பெயரில் எண் முதலில், தேதி பிறகு. கடிதங்களை அமிலமில்லாத உறையில், மடிப்பு விரித்து, அட்டைப்பெட்டியில் வையுங்கள். பிஸ்கட் டின் துருவேறும். அறை ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். 50ஐ ஒட்டி இருக்கட்டும்.

அச்சிட நினைத்தால் ஒன்று: காகிதம் உங்களுடையது, வாசகம் எழுதியவருடையது. தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக எழுதியவர் ஆயுளுக்குப் பின் 50 வருஷம். அவர் உயிரோடிருக்கும்போது வெளிவராததற்கு, முதலில் வெளியான வருஷ முடிவிலிருந்து 50. பாட்டுக்காரரின் பேரப்பிள்ளைகளைத் தேடி அனுமதி கேளுங்கள். கேட்கப் போகிற வீட்டில் ஆயாவின் கடிதங்கள் இருந்தாலும் இருக்கும்.