முதியோர் இல்லத்தில் அம்மா, அப்பா: சந்தேகம் வந்தால் என்ன செய்யலாம்?

பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும், அம்மாவோ அப்பாவோ வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ஒரு முதியோர் இல்லத்தில். இப்போது நம்மவர்களில் நிறையக் குடும்பங்களின் நிலை இதுதான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோல் எடுத்தால் அம்மா தலை வாரி, பவுடர் போட்டு, "நான் நல்லா இருக்கிறன்" என்பார். அந்தக் கோலை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அநேகமாகப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அந்த இல்லத்து ஊழியர், கழுத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. கொழும்பில் இருக்கும் ஒருவர், சொந்தமோ பழைய அயலவரோ கோயிலில் தெரிந்தவரோ, சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேறு நேரங்களில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், முக்கியமாக இரவுச் சாப்பாட்டு நேரத்தில், ஏனென்றால் ஆட்கள் குறைவது அப்போதுதான்.

போகிறவர் முதலில் தண்ணீரைப் பார்க்கட்டும். கட்டிலில் இருந்தபடி கை நீட்டினால் கோப்பை எட்டுகிறதா, அல்லது அலுமாரிக்கு மேலே மூடி வைத்த போத்தல்தானா? உதடு வெடித்து நாக்கு காய்ந்திருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது. அப்புறம் காலுறையைக் கழற்றிக் குதிகாலைப் பாருங்கள், பெண் ஒருவர் துணையிருந்தால் இடுப்பின் கீழ்ப்பகுதியையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் நிறம் மாறாமல் இருந்தால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று அர்த்தம். நம்முடைய நிறத்தில் சிவப்பு தெரியாமல் கருநீலமாகவும் தெரியலாம், தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். படுக்கையோடு இருப்பவரை அடிக்கடி, பொதுவாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கடைசியாக எப்போது புரட்டினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கண்டல் எல்லாம் அடி அல்ல. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வோர்பரின், அஸ்பிரின் எடுப்பவருக்குச் சும்மா முட்டினாலே நீலம் பாரிக்கும். ஆனால் மேற்கையின் உட்புறத்தில் விரல் பதிந்த மாதிரி அடையாளம், மணிக்கட்டைச் சுற்றிக் கோடு, இரண்டு கையிலும் ஒரே மாதிரிக் காயம், இவற்றுக்கு "விழுந்திட்டார்" என்பது பதிலாகாது. பகலெல்லாம் தூங்கி வழிந்தால் மருந்துச் சிட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், டொக்டர் எழுதாத தூக்க மருந்து கொடுப்பதும் துன்புறுத்தல்தான். நடந்து ரொயிலட் போகக்கூடிய அம்மாவுக்கு, கூப்பிட்டால் வர ஆளில்லை என்பதற்காகப் பம்பர்ஸ் கட்டிவிடுவதும் அப்படித்தான். ஊழியர் எல்லாரும் சிங்களம் பேச அம்மாவுக்குத் தமிழ் மட்டும் தெரியும் என்றால் இது இன்னும் மோசம், வலிக்கிறது என்பதைக்கூட அவரால் சொல்லி விளங்கவைக்க முடியாது. பென்ஷன், நகை, வங்கிப் புத்தகம் எங்கே என்றும் பாருங்கள். யாராவது காணி உறுதியிலோ அற்றோர்ணித் தத்துவத்திலோ கைநாட்டு வாங்கினார்களா என்றும் விசாரியுங்கள்.

இல்லங்களில் வேலை செய்யும் ஊழியர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், முந்தைய ஒரு வருடத்தில் ஏதோ ஒரு விதத்தில் முதியவர்களைத் துன்புறுத்தியதாகத் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் "அங்கே அப்படி நடக்காது" என்று தொடங்க வேண்டாம்.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. அந்த இடத்திலேயே சத்தம் போடாதீர்கள், நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், அம்மா அன்றிரவும் அதே ஆட்களோடுதான் இருக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள். ஊழியர் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்துகிறாரா என்று கவனியுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே திகதி, நேரத்தோடு எழுதிவையுங்கள், சம்மதம் கேட்டுக் காயத்தைப் படம் எடுங்கள். மறதி நோய் இருக்கிறது என்பதற்காக அவர் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். நேற்று என்ன சாப்பிட்டார் என்பது மறந்தவருக்கும் யாரைக் கண்டால் பயம் என்பது தெரியும்.

காயம் பெரிதென்றால், மயக்கம் என்றால், எழுதிக்கொண்டிருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அதற்குக் காசு வாங்கமாட்டார்கள். இன்னும் ஆபத்து இருக்கிறது என்றால் பொலிஸுக்கு 119. அரச வைத்தியசாலையில் என்ன நடந்தது என்று ஒளிக்காமல் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், பிறகு வழக்கு என்று வந்தால் அந்த அறிக்கைதான் பேசும். பொலிஸில் முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதினால், தெரிந்த ஒருவர் வாசித்து விளக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

உடனடி ஆபத்து இல்லையென்றால் நிர்வாகத்துக்குக் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். வாய்ப்பேச்சு எங்கும் நிற்காது. மழுப்பினால் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயங்களைப் பார்க்கும் அலுவலரிடமும் தேசிய முதியோர் செயலகத்திடமும் போகலாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதியோர் இல்லங்கள் பதிவு செய்திருக்க வேண்டும், ஆகவே முதல் கேள்வியாக இந்த இல்லம் பதிவானதா என்று கேளுங்கள். வக்கீலுக்குக் காசில்லையென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

அம்மாவை வேறிடம் மாற்றுவதாக முடிவானால் மருந்துச் சிட்டை, கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, கட்டிய காசின் பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் கையில் எடுத்த பிறகே வெளியேறுகிறோம் என்று சொல்லுங்கள். முற்பணத்துக்காக இழுத்தடித்தாலும் ஆளை அங்கே விட்டுவைக்காதீர்கள், அந்தக் காசைப் பிறகு கேட்டு வாங்கலாம்.